டூப்ளிகேட் ரிமோட் போடப் போறீங்களா? உங்கள் கேட்டையும் ஷட்டரையும் இன்னும் எத்தனை பேரால் திறக்க முடியும் என்று முதலில் தெரிஞ்சுக்கோங்க!

கள்ளக்குறிச்சி சேலம் மெயின் ரோட்டில் காலையில் கடை திறக்கும் நேரம் என்றால், முன்பெல்லாம் கொக்கிக் கம்பியை மாட்டி ஷட்டரைத் தூக்கும் 'தடதட' சத்தம்தான் கேட்கும். இப்போது சில கடைகளில் அந்தச் சத்தம் இல்லை. முதலாளி பைக்கை நிறுத்துகிறார், சட்டைப் பையில் இருந்து சின்ன ரிமோட்டை எடுக்கிறார், பட்டனை அழுத்துகிறார். ஷட்டர் தானாக மேலே போகிறது. புதிதாகக் கட்டும் வீடுகளில் ஸ்லைடிங் கேட்டுக்கும் இதே கதைதான்.

வசதி வந்ததும் கூடவே ஒரு கேள்வியும் வந்தது. "அண்ணே, இந்த ரிமோட்டுக்கு இன்னொண்ணு போட்டுத் தர முடியுமா?"

முடியும். பல ரிமோட்டுகளுக்குச் சில நிமிட வேலைதான் அது. பிரச்சினையும் அங்கேதான் இருக்கிறது. உங்களுக்குச் சில நிமிடத்தில் போட்டுத் தர முடிகிற ரிமோட்டை, உங்கள் ரிமோட் கையில் கிடைக்கும் வேறு யாருக்கும் அதே சில நிமிடத்தில் போட்டுத் தர முடியும். சாவியை நகலெடுத்தால் ஒரு இரும்புத் துண்டாவது மிச்சம் இருக்கும். ரிமோட்டை நகலெடுத்தால் உங்களிடம் ஒரு தடயமும் இருக்காது.

ரிமோட் நகல் எப்படி எடுக்கிறார்கள்? எந்த ரிமோட்டை எடுக்கலாம், எதை எடுக்க முடியாது? தொலைந்து போனால் என்ன செய்ய வேண்டும்? சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

ரிமோட் உண்மையில் என்ன செய்கிறது?

டி.வி. ரிமோட்டும் கேட் ரிமோட்டும் பார்க்க ஒன்று போல இருந்தாலும் வேலை செய்யும் விதம் வேறு. டி.வி. ரிமோட் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்புகிறது. நடுவில் ஆள் நின்றால் அது வேலை செய்யாது. கேட் ரிமோட் அனுப்புவது ரேடியோ அலை. சுவர், கார் கண்ணாடி, சட்டைப் பை எல்லாவற்றையும் தாண்டிப் போகும். நம் ஊரில் விற்கும் பெரும்பாலான கேட், ஷட்டர் ரிமோட்டுகள் 433.92 மெகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் பேசுகின்றன. சில மாடல்கள் 315 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும்.

பட்டனை அழுத்தினால் ஒரு எண் காற்றில் போகிறது. மோட்டார் பெட்டிக்குள் இருக்கும் ரிசீவர் அந்த எண்ணைக் கேட்கிறது. தன் நினைவில் இருக்கும் எண்ணோடு பொருந்தினால் மோட்டாரை ஓட்டுகிறது. அவ்வளவுதான். அழுத்துவது முதலாளியா, கடைப் பையனா, திருடனா என்று ரிசீவருக்குத் தெரியாது. எண் சரியா, தப்பா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

எனவே எல்லாக் கேள்விக்கும் அடிப்படை இதுதான்: அந்த எண் ஒவ்வொரு முறையும் ஒன்றேதானா, அல்லது மாறுகிறதா?

ஃபிக்சட் கோட்: எப்போதும் ஒரே எண்

பழைய ரிமோட்டுகளைத் திறந்தால் உள்ளே வரிசையாகக் குட்டிக் குட்டி சுவிட்சுகள் இருக்கும். இவற்றை டிப் சுவிட்ச் என்பார்கள். ரிசீவரிலும் இதே வரிசை இருக்கும். இரண்டிலும் சுவிட்சுகளை ஒரே மாதிரி வைத்தால் கேட் திறக்கும். மேலே, கீழே என இரண்டு நிலை உள்ள 8 சுவிட்ச் என்றால் மொத்தம் 256 எண்கள்தான் சாத்தியம். 10 சுவிட்ச் என்றால் 1,024. 12 என்றால் 4,096.

அடுத்த தலைமுறை ரிமோட்டுகளில் சுவிட்ச் கிடையாது, எண் சிப்புக்குள்ளேயே இருக்கும். விலை குறைந்த ரிமோட்டுகளில் அதிகம் காணப்படும் இ.வி.1527 வகை சிப்பில் தொழிற்சாலையிலேயே 20 பிட் அடையாள எண் பதியப்படுகிறது. அதாவது 10 லட்சத்துக்கும் கொஞ்சம் அதிகமான எண்களில் ஒன்று. கேட்க நிறைய போலத் தெரியும். ஆனால் நகலெடுப்பவர் எண்ணை ஊகிக்கத் தேவையே இல்லை. நீங்கள் பட்டனை அழுத்தும்போது ரிமோட்டே அதை உரக்கச் சொல்லிவிடுகிறது.

கடைகளில் 'காப்பி ரிமோட்', 'குளோனிங் ரிமோட்' என்று கிடைப்பது இந்த வகைக்குத்தான். வெற்று ரிமோட்டைப் பதிவு நிலையில் வைத்து, பழைய ரிமோட்டை அதன் அருகில் பிடித்து அழுத்துவார்கள். விளக்கு வேகமாக மினுக்கினால் வேலை முடிந்தது. கம்ப்யூட்டர் வேண்டாம், மோட்டார் இருக்கும் இடத்துக்குக் கூடப் போக வேண்டாம்.

ரோலிங் கோட்: ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது எண்

இரண்டாவது வகை 'ரோலிங் கோட்' அல்லது 'ஹாப்பிங் கோட்'. இதில் ரிமோட்டுக்குள் ஒரு எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அந்த எண்ணிக்கை ஒன்று கூடும். அது ரகசியச் சாவியால் மறையாக்கப்பட்டு வெளியே போகும். ரிசீவரும் அதே கணக்கை வைத்திருக்கும். ஒரு முறை பயன்படுத்திய எண்ணை மறுபடி ஏற்காது. பஸ்ஸில் கிழித்த டிக்கெட்டை மறுபடி காட்ட முடியாது இல்லையா, அதே போலத்தான்.

இந்த முறையில் உலகம் முழுக்கப் பரவிய ஒன்று 'கீலாக்'. 1980-களில் தென்னாப்பிரிக்காவில் உருவானது. 1995-ல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் இதை வாங்கியது. எச்.சி.எஸ். என்ற எழுத்துகளோடு வரும் சிப்புகள் இந்தக் குடும்பம்தான்.

குழந்தைகள் ரிமோட்டை எடுத்து விளையாடினால் சில நேரம் கேட் உடனே திறக்காமல் போகிறதே, ஏன் தெரியுமா? கேட்டுக்குத் தொலைவில் இருந்து அழுத்தும்போது ரிமோட்டின் எண்ணிக்கை மட்டும் ஓடிவிடும், ரிசீவருக்கு அது தெரியாது. மைக்ரோசிப் முறையில் 16 அழுத்தல் வரை முன்னே போனால் ரிசீவர் தானாகச் சமாளித்துக்கொள்ளும். அதைத் தாண்டினால், கேட் அருகே நின்று அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் கணக்கு மீண்டும் ஒத்துப்போகும். இதற்காக மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ரோலிங் கோட் ரிமோட்டைக் காப்பி ரிமோட்டில் பதிவு செய்ய முயன்றால், பதிவானது ஒரு பழைய எண் மட்டும்தான். கேட் திறக்காது. இந்த வகைக்கு இன்னொரு ரிமோட் வேண்டும் என்றால் ஒரே நேர்வழி, பொருந்தும் புது ரிமோட் வாங்கி, மோட்டார் பெட்டியில் உள்ள 'லேர்ன்' பட்டனை அழுத்தி, அதில் சேர்ப்பது.

காப்பி எடுப்பதற்கும் சேர்ப்பதற்கும் என்ன வித்தியாசம்?

பலரும் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான். கேட் திறந்தால் சரி, காப்பியோ புதுசோ என்ன என்று நினைக்கிறோம். ஆனால் வித்தியாசம் பெரியது.

ஒரு உதாரணம். உங்கள் வீட்டில் ஃபிக்சட் கோட் ரிமோட் ஒன்று இருக்கிறது. டிரைவருக்காக அதைக் காப்பி எடுத்துக் கொடுக்கிறீர்கள். ஆறு மாதம் கழித்து டிரைவர் வேலையை விட்டு நிற்கிறார். ரிமோட்டைத் திருப்பித் தரவில்லை. நீங்கள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ரிசீவரின் நினைவை மொத்தமாக அழித்துவிட்டு, உங்கள் ரிமோட்டை மட்டும் மறுபடி சேர்க்கிறீர்கள். இப்போது டிரைவரின் ரிமோட் வேலை செய்யுமா?

செய்யும். ஏனென்றால் இரண்டு ரிமோட்டும் அனுப்புவது ஒரே எண். ரிசீவரைப் பொறுத்தவரை அது ஒரே ரிமோட். உங்களுடையதைச் சேர்த்த அந்த நொடியே அவருடையதும் உள்ளே வந்துவிட்டது. 'அழிச்சாச்சு, இனி பயமில்லை' என்று நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள். கதவு பழையபடியே இருக்கும்.

இதுவே டிரைவருக்குக் காப்பி எடுக்காமல், தனி அடையாள எண் உள்ள புது ரிமோட் வாங்கிச் சேர்த்திருந்தால்? எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வீட்டில் உள்ளவற்றை மட்டும் மறுபடி சேர்த்தால் போதும். டிரைவரிடம் இருப்பது வெறும் பிளாஸ்டிக் துண்டு.

எனவே ஃபிக்சட் கோட் ரிமோட்டைக் காப்பி எடுத்திருந்து அந்தக் காப்பி கைமாறிவிட்டால், பழைய எண்ணையே தூக்கிப் போட வேண்டும். டிப் சுவிட்ச் வகை என்றால், ரிசீவரிலும் எல்லா ரிமோட்டிலும் சுவிட்ச் வரிசையை மாற்ற வேண்டும். சிப் வகை என்றால், மூல ரிமோட்டையும் சேர்த்துக் கைவிட்டுப் புது ரிமோட்டுகளைச் சேர்க்க வேண்டும். கொஞ்சம் செலவுதான். ஆனால் வேறு வழியில்லை.

உலகத்தில் நடந்தது என்ன?

'இதெல்லாம் சும்மா பயமுறுத்துறது' என்று சொல்பவர்களுக்குச் சில உண்மைச் சம்பவங்கள்.

2015-ல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் சமி கம்கர், மேட்டல் நிறுவனம் விற்பனையை நிறுத்திவிட்ட ஒரு குழந்தைகள் பொம்மைக் கருவியை மாற்றியமைத்து, ஃபிக்சட் கோட் காரேஜ் கதவுகளைத் திறந்து காட்டினார். 8 முதல் 12 பிட் வரையிலான எல்லா எண்களையும் சாதாரணமாக ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்க்க சுமார் 29 நிமிடம் ஆகும். எண்களை ஒன்றோடு ஒன்று கோத்து அனுப்பும் கணித முறையால் அதை 8 வினாடிக்குச் சற்று அதிகமான நேரமாக அவர் குறைத்தார். கதவின் முன் வண்டியை நிறுத்தி இறங்கும் நேரம்தான் அது.

அப்போ ரோலிங் கோட் என்றால் அசைக்கவே முடியாதா? அப்படியும் இல்லை. 2008-ல் ஜெர்மனியின் போஹும் நகர ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கீலாக் சிப் வேலை செய்யும்போது இழுக்கும் மின்சாரத்தை அளந்தே உற்பத்தியாளரின் ரகசியச் சாவியைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். அந்தச் சாவி ஒருமுறை கையில் வந்துவிட்டால், 100 மீட்டர் தொலைவு வரை இருந்தபடி இரண்டே இரண்டு சிக்னலைக் கேட்டு ரிமோட்டை நகலெடுக்கலாம் என்பது அவர்கள் கண்டது.

2015 ஆகஸ்டில் அதே சமி கம்கர் இன்னொரு கருவியைக் காட்டினார். சிக்னலைத் தடுத்து, அந்தப் பயன்படுத்தாத எண்ணைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும் கருவி அது. செலவு சுமார் 32 டாலர். 2022-ல் ஹோண்டா கார்களின் ரிமோட் சாவி முறையில் பலவீனம் இருப்பதாக ஆய்வாளர்கள் வெளியிட்டதும் பெரிய செய்தியானது.

2024 பிப்ரவரியில் கனடா அரசு, கார் திருட்டைத் தடுக்க 'ஃபிளிப்பர் ஜீரோ' என்ற கையடக்கக் கருவியைத் தடை செய்யப் போவதாக அறிவித்தது. 'கருவியைத் தடை செய்தால் பழைய பூட்டு புது பூட்டாகிவிடுமா?' என்று பாதுகாப்பு வல்லுநர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒரு மாதத்திலேயே, தவறாகப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்துவதே நோக்கம் என்று அரசு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

அப்படியானால் நம் ஊரில் ஹேக்கர் வருவாரா?

நியாயமான கேள்வி. ஆய்வுக்கூடத்தில் முடிவது எல்லாம் துருகம் ரோட்டில் நடக்கும் என்று அர்த்தமில்லை. மின்சாரத்தை அளந்து சாவியைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு மெனக்கெட்டு ஒருவர் ஒரு மளிகைக் கடை ஷட்டரைத் திறக்க வருவது அரிது.

நம் ஊர்க் கடைக்கும் வீட்டுக்கும் உள்ள ஆபத்து அதைவிட எளிமையானது. கணக்கில் வராத ரிமோட்தான் அது. யோசித்துப் பாருங்கள். மோட்டார் பொருத்தியபோது எத்தனை ரிமோட் கொடுத்தார்கள்? இப்போது எத்தனை இருக்கிறது? வேலையை விட்டுப் போன பையனிடம் இருந்ததை வாங்கினீர்களா? பழைய வாடகைக்காரர் கொடுத்துவிட்டுப் போனது எல்லாமேதானா? சர்வீசுக்கு விட்ட காரில் ரிமோட்டும் போனதா? பைக் சாவிக்கொத்தோடு ரிமோட்டையும் கோத்து, வாட்டர் வாஷ் கடையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனீர்களா?

இதில் யாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. வேலைக்காரர் மேல் பழி போட்டு, பிறகு தொலைந்த ரிமோட் அலமாரிக்குப் பின்னால் கிடைத்த கதைகளும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனி எண், தனிக் கணக்கு என்று இருந்தால் நல்லவர் மேல் சந்தேகம் விழாது. எல்லாருக்கும் ஒரே எண் காப்பி என்று இருந்தால், ஏதாவது ஒன்று நடக்கும்போது எல்லாருமே சந்தேக வட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். முதலில் மாட்டுவது யார்? சம்பளம் குறைந்தவர்தான்.

டூப்ளிகேட் ரிமோட் போடுவது சட்டப்படி தப்பா?

உங்கள் சொந்த கேட்டுக்கு, உங்கள் சொந்த ரிமோட்டுக்கு இன்னொன்று போட்டுக்கொள்வது குற்றமல்ல. நகலைக் கொண்டு அனுமதியில்லாமல் அடுத்தவர் இடத்தில் நுழைவதுதான் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அத்துமீறி நுழைதல், வீடு புகுதல், திருட்டு எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. வீடு புகும் நோக்கத்தில் பூட்டைத் திறந்து உள்ளே போவதும் 'கன்னமிடுதல்' என்ற குற்றத்தின் விளக்கத்துக்குள் வருகிறது. கதவை உடைத்தால்தான் குற்றம் என்பது தவறான எண்ணம். ரிமோட்டில் சத்தமில்லாமல் திறந்து உள்ளே போய்த் திருடினாலும் திருட்டு திருட்டுதான்.

சிக்னலைத் தடுக்கும் ஜாமர் கருவிகள் கதை வேறு. மத்திய அரசு குறிப்பாக அனுமதித்தால் தவிர, இவற்றைப் பயன்படுத்துவது பொதுவாகச் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் தெளிவாக அறிவித்தது. தனியார் வாங்குவதற்கும் விற்பதற்கும் இதே கதிதான். ஆன்லைனில் கிடைக்கிறது என்பதற்காக அது சட்டப்படி சரி என்று ஆகிவிடாது.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. வீட்டு உரிமையாளரிடம் ஒரு ரிமோட் இருக்கலாம். அதற்காக அவர் நினைத்த நேரத்தில் உள்ளே வரலாம் என்று பொருளல்ல. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, பழுது பார்ப்பது போன்ற காரணங்களுக்காக உள்ளே வர 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும்.

ரிமோட்டுக்கும் கம்பெனிக்கும் நடந்த வழக்கு

மோட்டார் வாங்கினால் அதே கம்பெனி ரிமோட்டைத்தான் வாங்க வேண்டுமா? விலை பல மடங்கு சொல்கிறார்களே? இந்தக் கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

சேம்பர்லைன் என்ற காரேஜ் கதவு நிறுவனம் தன் ரோலிங் கோட் கதவுகளை ஸ்கைலிங்க் என்ற போட்டி நிறுவனத்தின் பொது ரிமோட் திறக்கிறது, இது டிஜிட்டல் காப்புரிமைச் சட்டத்துக்கு எதிரானது என்று வழக்குத் தொடுத்தது. 2004 ஆகஸ்ட் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்கைலிங்க் பக்கம் தீர்ப்பளித்தது. கதவை வாங்கியவருக்குத் தன் கதவைத் திறக்கும் உரிமை உண்டு, அதற்கு எந்த ரிமோட்டைப் பயன்படுத்துகிறார் என்பதைக் காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

அமெரிக்கத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் அதில் உள்ள நியாயம் நமக்கும் புரியும். ரோலிங் கோட் என்பது வாங்குபவரின் பாதுகாப்புக்காக இருக்க வேண்டும். ரிமோட் விலையை ஏற்றிக்கொண்டே போக ஒரு பூட்டாக இருக்கக் கூடாது. மோட்டார் வாங்கும் முன்பே 'கூடுதல் ரிமோட் என்ன விலை, உள்ளூரில் கிடைக்குமா, நானே சேர்த்துக்கொள்ள முடியுமா?' என்ற மூன்று கேள்வியையும் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

மலை மேலே இருந்தால்?

கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலைப் பக்கம் ஒரு தங்கும் விடுதியோ, தோட்ட வீடோ வைத்திருந்தால் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. இடி, மழை, மரம் விழுந்து மின்தடை என்றால் ரிமோட் இருந்தும் பயனில்லை. மெக்கானிக் கீழே இருந்து வர வேண்டும்.

மின்சாரம் இல்லாதபோது கேட்டைக் கையால் தள்ள, மோட்டாரில் 'ரிலீஸ்' சாவி ஒன்று இருக்கும். ஷட்டர் என்றால் சங்கிலியோ, சுழற்றும் கைப்பிடியோ இருக்கும். அந்தச் சாவி எங்கே இருக்கிறது, எப்படித் திருப்புவது என்று வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். கூடவே ஒரு எச்சரிக்கை: பல மாடல்களில் ஒரே வகை மோட்டார்களுக்கு ஒரே மாதிரி ரிலீஸ் சாவிதான் வருகிறது. எவ்வளவு நல்ல ரோலிங் கோட் போட்டாலும், மோட்டார் பெட்டி வெளியில் கைக்கு எட்டும்படி இருந்தால் அந்தச் சாவி ஒரு பின்வாசல்.

சிலர் சிம் கார்டு போட்ட கேட் கருவி வைக்கிறார்கள். பதிவு செய்த நம்பரில் இருந்து மிஸ்டு கால் கொடுத்தால் கேட் திறக்கும். ரிமோட் தொலையும் தொல்லை இல்லை, வேண்டாதவர் நம்பரை நீக்கிவிடலாம். ஆனால் டவர் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் இதை மட்டும் நம்ப முடியாது. சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்தாலும் கேட் ஊமையாகிவிடும். வாங்கியதும் தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றுவதும், 'எந்த நம்பர் கூப்பிட்டாலும் திற' என்ற அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம்.

குழந்தை கையில் ரிமோட்: மறக்கக் கூடாத ஆபத்து

திருட்டு போனால் பொருள்தான் போகும். இன்னொரு ஆபத்து உயிரோடு சம்பந்தப்பட்டது. ரிமோட் எண்ணிக்கை கூடக் கூட, கேட்டைப் பார்க்காமலே பட்டனை அழுத்துபவர்களும் கூடுகிறார்கள். வீட்டுக்குள் சோபாவில் இருந்து அழுத்தும்போது, கேட் தண்டவாளத்தில் குழந்தை நிற்கிறதா என்று தெரியாது.

காரேஜ் கதவில் சிக்கிக் குழந்தைகள் இறந்த சம்பவங்களுக்குப் பிறகு அமெரிக்காவில் சட்டமே கொண்டுவந்தார்கள். 1993 ஜனவரி 1 முதல் அங்கே தயாராகும் வீட்டு காரேஜ் கதவு மோட்டார்களில், ஆள் சிக்காமல் காக்கும் அமைப்பு கட்டாயம். நம் வீட்டு கேட்டிலும் இதற்கான சென்சார் பொருத்தலாம். குறுக்கே ஆளோ, நாயோ வந்தால் கேட் நின்றுவிடும் அல்லது திரும்பிவிடும். கூடுதல் ரிமோட் வாங்கும் முன் இந்த சென்சார் வேலை செய்கிறதா என்று ஒரு அட்டைப் பெட்டியை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

சரி, இப்போ நான் என்ன செய்யணும்?

முதலில் பேட்டரியை மாற்றுங்கள். 'ரிமோட் போச்சு' என்று கடைக்கு வருவதில் பல, பேட்டரி தீர்ந்ததாகவே இருக்கும். கேட் ரிமோட்டுகளில் பெரும்பாலும் 12 வோல்ட் 23ஏ அல்லது 27ஏ என்ற குட்டி உருளை பேட்டரி இருக்கும். சிலவற்றில் சி.ஆர்.2032 என்ற காசு வடிவ பேட்டரி. 23ஏ, 27ஏ இரண்டும் அளவில் வேறு, பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது.

இரண்டாவது, உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ரிமோட்டைத் திறந்தால் டிப் சுவிட்ச் வரிசை, அல்லது சிப் மேல் 2262, 1527 போன்ற எண் இருந்தால் ஃபிக்சட் கோட். எச்.சி.எஸ். என்று தொடங்கினால் ரோலிங் கோட். சாதாரணக் காப்பி ரிமோட்டில் பதிவாகி, அதனால் கேட் ஒவ்வொரு முறையும் தவறாமல் திறக்கிறது என்றால் அதுவும் ஃபிக்சட் கோட் என்பதற்கு அடையாளம்.

மூன்றாவது, காப்பி எடுப்பதைத் தவிருங்கள், புதிதாகச் சேருங்கள். ஒவ்வொருவருக்கும் தனி எண் உள்ள ரிமோட். யாரிடம் எது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். மூல ரிமோட்டை யாரிடமும் கொடுத்துவிட்டு 'நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்' என்று போகாதீர்கள். கூடவே நின்று வேலையை முடித்து வாங்குங்கள்.

நான்காவது, தொலைந்தால் அன்றைக்கே அழியுங்கள். ரிசீவரின் நினைவை முழுதாக அழித்துவிட்டு, கையில் உள்ளவற்றை மட்டும் சேருங்கள். பழைய காப்பிகள் இருந்திருந்தால் மேலே சொன்னபடி எண்ணையே மாற்றுங்கள். வாடகைக்கு ஆள் மாறும்போதும், வேலையாள் மாறும்போதும் இதே விதி. வீடு வாங்கிக் குடிபோகும் நாளில் பூட்டை மாற்றுவது போல இதையும் செய்யுங்கள்.

ஐந்தாவது, ரிமோட்டை மட்டும் நம்பாதீர்கள். கடை ஷட்டரில் பக்கப் பூட்டு இருந்தால் இரவில் அதையும் போடுங்கள். ஆனால் காலையில் பூட்டை எடுக்காமல் ரிமோட்டை அழுத்திவிடாதீர்கள். பூட்டோடு மோட்டார் இழுத்தால் ஷட்டர் பட்டை வளைந்துவிடும், மோட்டாரும் கெடலாம். வீட்டில் இருப்பவர்கள் இரவில் ரிசீவருக்கான சுவிட்சை அணைத்துவிட்டால், எந்த ரிமோட் வந்தாலும் கேட் அசையாது. ரிலீஸ் சாவி போடும் இடத்துக்கும் ஒரு மூடி, பூட்டு அவசியம்.

பட்டனை அழுத்தும்போது முதல் முறை வேலை செய்யாமல் இரண்டாவது முறை செய்தால் உடனே 'யாரோ ஹேக் பண்றாங்க' என்று பதற வேண்டாம். பேட்டரி குறைவு, தூரம், பக்கத்துக் கருவிகளின் குறுக்கீடு என்று காரணம் பல. திரும்பத் திரும்ப நடந்தால், பேட்டரி மாற்றியும் சரியாகாவிட்டால், மெக்கானிக்கைக் கூப்பிட்டு ரிசீவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரிமோட் போட்டுத் தரும் கடைக்காரர்களுக்கு

டூப்ளிகேட் ரிமோட் போடுவது நேர்மையான தொழில். வயதானவர்கள், கனமான ஷட்டரைத் தூக்க முடியாத பெண்கள், இரவு ஷிப்ட் முடித்து வருபவர்கள் என இந்தச் சேவையை நம்பிப் பலர் இருக்கிறார்கள். ஆனால் ஒரு காப்பி தவறான கைக்குப் போனால் முதலில் விசாரணைக்கு அழைக்கப்படுபவர் கடைக்காரராகவும் இருக்கலாம். எனவே வருபவரின் பெயர், போன் நம்பர், தேதி, எத்தனை ரிமோட் என்று ஒரு பதிவேடு வைப்பது உங்களுக்கே பாதுகாப்பு. அவசரமாக, கேள்வி கேட்டால் கோபப்படும் ஆளுக்கு 'முடியாது' என்று சொல்லலாம், தப்பில்லை.

கூடவே வாடிக்கையாளரிடம் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "இது காப்பிதான், இது தொலைஞ்சா உங்க பழைய ரிமோட்டையும் சேர்த்து மாத்தணும்." அந்த ஒரு வாக்கியம் ஒரு குடும்பத்தின் நகையைக் காப்பாற்றலாம்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கதவு, நிலை, தூண் என்று மரத்தில் நுணுக்கமாகச் செதுக்கும் ஊர் இது. வாசல் கதவுக்கு எந்த மரம், என்ன வேலைப்பாடு, எத்தனை பூட்டு என்று பார்த்துப் பார்த்துச் செய்யும் நாம், அந்த வாசலுக்கு முன்னால் நிற்கும் கேட்டின் ரிமோட் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இன்றைக்கு ராத்திரி கேட்டைச் சாத்தும் முன் வீட்டில் உள்ள ரிமோட்டுகளை ஒரு முறை எண்ணுங்கள். மோட்டார் வாங்கிய பில்லில் இருக்கும் எண்ணிக்கையோடு பொருந்தவில்லை என்றால், நாளைக்குக் காலையில் முதல் போன் மெக்கானிக்குக்குத்தான்.